வளருற பிள்ளைக்கு எந்த ஸ்கீ?

பனிக்காலத் தவணையில் சுவிட்சர்லாந்தின் தமிழ் வீடுகளுக்குப் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்து சேரும். பனிச்சறுக்கு முகாம், திங்கள் முதல் வெள்ளி வரை, மலையில் தங்கல் என்று மேலே இருக்கும். கீழே கொண்டுவர வேண்டிய பொருள்கள்: ஸ்கீ, ஸ்கீச் சப்பாத்து, ஊன்றுதடி, தலைக்கவசம், பனிக்கண்ணாடி, நீர் புகாத காற்சட்டை, கையுறை. பக்கத்து வீட்டுச் சுவிஸ் தாய்க்கு இந்தப் பட்டியலில் யோசிக்க எதுவும் இல்லை. நடை பழகிய கையோடு பனியில் சறுக்கப் பழகியவர் அவர். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்து, இங்கே உணவகச் சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் உழைத்து, சனிக்கிழமையானால் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற தாய்க்கு முதல் சொல்லிலேயே கேள்வி தொடங்கிவிடும். எவ்வளவு நீளம்? எந்த அளவு? புதிதா, பழையதா, வாடகையா?

இந்த நாட்டில் இலங்கைத் தமிழர் சுமார் 50,000 பேர் இருக்கிறார்கள். 1980களில் வந்தவர்களில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற காலம் இது. தாமே முகாமுக்குப் போய் வந்த இளம் பெற்றோரும் நம்மிடையே உண்டு. ஆனாலும் கடைக்குள் நுழைந்ததும் ஒரு பழைய பழக்கம் தலைகாட்டும். "இஞ்சருங்கோ, வளருற பிள்ளை. ஒரு அளவு கூட எடுங்கோ, அடுத்த வருஷமும் போடலாம்" என்பார் அம்மா. அப்பாவும் தலையாட்டுவார். தீபாவளிச் சட்டைக்கு அந்தக் கணக்கு சரி. சிக்கனமாகப் பிள்ளை வளர்த்து ஆளாக்கிய சமூகத்தின் புத்தி அது, அதில் குறை காண மாட்டேன். ஸ்கீயில் அந்தக் கணக்கு பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் போய் முடியக்கூடும். ஸ்கீயும் சப்பாத்தும் இந்தப் பனிக்காலத்து உடம்புக்கு அளவாக இருக்க வேண்டும். அடுத்த பனிக்காலத்துக்கு அடுத்த பனிக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நிலக்கரித் தட்டுப்பாட்டில் பிறந்த விடுமுறை

பிப்ரவரியில் வரும் விளையாட்டு விடுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரி தட்டுப்பாடானது. பள்ளிகளைச் சூடாக்கும் எரிபொருளை மிச்சம் பிடிக்க 1940-இல் குளிர்கால விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட மலைக்குப் போகட்டும் என்று முகாம்கள் வளர்ந்தன. 1941-இல் தொடங்கிய பெரிய இளையோர் முகாம் ஒன்று, சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெர்ன் மலைநாட்டு லெங்க் என்ற ஊரில் இன்றும் நடக்கிறது. 1972 முதல் கூட்டரசின் 'இளையோரும் விளையாட்டும்' திட்டம் பயிற்றுநர்களை உருவாக்கி, முகாம்களுக்குப் பணமும் கொடுத்து வருகிறது.

முகாமைச் சாதாரணச் சுற்றுலாவாக எண்ணிப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். செலவுதான் பெரும்பாலும் காரணம். அவர்களுக்கு ஒரு செய்தி. பிள்ளை கட்டாயம் போக வேண்டிய பள்ளி முகாம் என்றால், வீட்டில் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவை மட்டுமே பெற்றோரிடம் கேட்கலாம் என்று 2017 டிசம்பரில் கூட்டரசு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையின் வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங் வரை. விருப்பமானால் வரலாம் என்ற முகாம்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அங்கே கட்டணம் கூடலாம். ஆகவே முகாம் எந்த வகை, கருவிகளைப் பள்ளி கொடுக்குமா, உதவி நிதி உண்டா என்று வகுப்பாசிரியரிடம் நேரே கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, சுவிஸ் பெற்றோரும் கேட்கிறார்கள்.

நாடிக்குக் கீழே

இனி நீளம். 1990கள் வரை இங்கே நின்றுகொண்டு கையை மேலே தூக்கி, மணிக்கட்டைத் தொடும் நீளத்தில் ஸ்கீ எடுப்பார்கள். பெரியவர்கள் இரண்டு மீட்டர் ஸ்கீயில் போனார்கள். பிள்ளைகளுக்கும் தலைக்கு மேல் நீளும் ஸ்கீதான். ஸ்லோவேனியாவின் ஏலான் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வடிவம் அந்தப் பழக்கத்தைக் கவிழ்த்தது. முன்னும் பின்னும் அகன்று, இடையில் உடுக்கைபோல் ஒடுங்கிய ஸ்கீ அது. அதைப் பக்கவாட்டில் சாய்த்தால் இரும்பு விளிம்பு பனியில் வளைவாகப் பதிந்து, அந்த வளைவின் வழியே தானே திரும்பும். திருப்புகிற வேலையில் பாதியை ஸ்கீயின் வடிவமே செய்வதால் நீளம் தேவையில்லாமல் போனது. சில பனிக்காலங்களில் உலகம் முழுவதும் ஸ்கீ குட்டையாகிவிட்டது.

இன்று புதிதாகப் பழகும் பிள்ளைக்கு ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் அதன் முனை நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில் வர வேண்டும். எளிதான நீலத் தடங்களில் விழாமல் இறங்கி, இரண்டு பக்கமும் திரும்பத் தெரிந்த பிள்ளைக்கு நாடியிலிருந்து மூக்கு வரை. அதைவிடக் கடினமான சிவப்புத் தடத்தில் வேகமாகப் போகிற பிள்ளைக்கு மூக்குக்கும் நெற்றிக்கும் இடையில். 128 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறுமி முதல்முறையாகப் பனியில் நிற்கிறாள் என்றால் 100 முதல் 110 சென்டிமீட்டர் போதும். அதே உயரத்தில் நான்கு பனிக்காலம் சறுக்கிய சிறுமிக்கு 120-ஐ ஒட்டி எடுக்கலாம். எடையையும் பார்க்க வேண்டும். உயரத்துக்கு எடை குறைந்த பிள்ளைக்கு, நம் பிள்ளைகள் பலர் அப்படித்தான், அந்த வரம்பின் குட்டையான பக்கத்தை எடுங்கள்.

பத்து சென்டிமீட்டர் கூடினால் என்ன வந்துவிடும் என்று தோன்றும். பழகும் பிள்ளை முதலில் கற்பது நிறுத்துவதை. இரண்டு ஸ்கீயின் முனைகளையும் நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, கூரான முக்கோணம்போல் வைத்தால் வேகம் குறையும். ஸ்கீ ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு அதை 'பீட்சா' என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த முக்கோணத்தைப் போடக் காலால் ஸ்கீயைத் திருப்ப வேண்டும். அகலமும் தடிமனும் ஒன்றாக இருக்க, நீளம் மட்டும் 20 விழுக்காடு கூடினால் திருப்பும்போது ஸ்கீ காட்டும் எதிர்ப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். நீளத்தின் மும்மடியில் ஏறும் கணக்கு அது. இருபத்தைந்து கிலோ உடம்பின் மெல்லிய தொடைத் தசைக்கு அது பெரிய பாரம். பிள்ளையால் முக்கோணம் போட முடியாது. முக்கோணம் போட முடியாத பிள்ளையால் நிற்க முடியாது. நிற்க முடியாது என்று தெரிந்த கணத்தில் பிள்ளை பயந்து பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீ இன்னும் வேகமெடுக்கும். 'இவளுக்கு இது வராது' என்று அம்மா முடிவு கட்டுகிற இடம் அதுதான். வராமல் போனதற்குக் காரணம் அந்தச் சிறுமி இல்லை.

நீளத்தோடு விறைப்பையும் பாருங்கள். ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, நடுவை மறுகையால் தள்ளுங்கள். பெரிதாகப் பலம் போடாமலே வளைய வேண்டும். போட்டிக்கான சிறுவர் ஸ்கீகள் இரும்புபோல் நிற்கும். விலையும் அழகும் அவற்றில் கூடுதலாக இருக்கும், பழகும் பிள்ளைக்கு அவை உதவாது. முன்முனை சற்று மேல்நோக்கி வளைந்த ஸ்கீ திரும்பத் தொடங்குவதற்கு எளிது. பஞ்சுப் பனியில் போவதற்கான அகலமான ஸ்கீ முதல் சில பனிக்காலங்களுக்கு வேண்டாம்.

பணத்தைச் சப்பாத்தில் போடுங்கள்

நம் பெற்றோர் ஸ்கீயின் நிறத்தையும் படத்தையும் பார்த்து நேரம் செலவழித்துவிட்டு, சப்பாத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். பிள்ளையின் கால் சொல்வதை ஸ்கீக்குக் கடத்துவது சப்பாத்துதான். அது தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஸ்கீயும் சொல்பேச்சுக் கேட்காது.

ஸ்கீச் சப்பாத்தின் அளவு எண் மிக எளிமையானது. பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில் எவ்வளவோ அதுதான் எண். 20.5 என்றால் இருபதரை சென்டிமீட்டர் பாதம். தெருச் சப்பாத்தின் 32, 33 எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பிள்ளையைச் சுவரோடு குதிகால் ஒட்ட நிற்க வைத்து, இரண்டு பாதங்களையும் அளந்து, நீளமானதைக் கணக்கில் எடுங்கள். பிறகு கடையில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். சப்பாத்தின் உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதியைக் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் பிள்ளை காலை வைக்க வேண்டும். பெருவிரல் முன்னால் இலேசாகத் தொட நிற்கும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. பெரியவரின் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அது பெரிது.

மெத்தையைத் திரும்பப் போட்டு, பூட்டுகளை மாட்டி, பிள்ளையை முழங்கால் மடித்து முன்னால் சாயச் சொல்லுங்கள். நிமிர்ந்து நிற்கையில் சப்பாத்தின் முன்பக்கத்தைத் தொட்ட விரல்கள் இப்போது சற்றுப் பின்வாங்கும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் அளவு பெரிது, இன்னொன்று போட்டுப் பாருங்கள். முழங்காலை மடிக்கவே முடியாமல் பிள்ளை மரம்போல் நின்றால் சப்பாத்து விறைப்பு. சின்னப் பிள்ளைகளின் சப்பாத்தில் ஒன்று அல்லது இரண்டு பூட்டுதான் இருக்கும். நான்கு பூட்டு வைத்தது உயர்ந்த சாமான் என்று நினைத்து ஆறு வயதுப் பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

காலுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'குளிருமே' என்று இரண்டு சோடி காலுறை போட்டு அனுப்புகிற அம்மாக்களையும் அம்மம்மாக்களையும் எனக்குத் தெரியும். அன்பில் செய்வது அது, விளைவோ நேர்மாறானது. இறுக்கத்தில் இரத்தம் ஓட இடமில்லாமல் கால் இன்னும் குளிரும். முழங்கால் வரை வருகிற, கம்பளியோ செயற்கை இழையோ கலந்த மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று போதும். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். உள்காற்சட்டையின் நுனியையும் சப்பாத்துக்குள் செருகாதீர்கள். அந்தச் சிறு மடிப்பு கெண்டைக்காலை நாள் முழுக்க அரித்தெடுக்கும். பிள்ளை மத்தியானம் அழுவது பல நேரம் அந்த மடிப்பால்தான்.

கவ்விப் பிடிப்பதும் விடுவதும்

சப்பாத்தை ஸ்கீயோடு கவ்விப் பிடிப்பது பைண்டிங். அதன் உண்மையான வேலை, விழும்போது விட்டுவிடுவது. எவ்வளவு விசை வந்தால் விட வேண்டும் என்பதை ஒரு சிறு எண் தீர்மானிக்கிறது. ஜெர்மன் பேசும் கடைகளில் அதை 'ட்செட்-வெர்ட்' என்பார்கள். பிள்ளையின் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிப்பாக நீளம், சறுக்கும் விதம் ஆகிய ஐந்தையும் வைத்து ஐஎஸ்ஓ 11088 என்ற தரத்தின் அட்டவணையில் கண்டுபிடிப்பது. ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் ஒரு படி குறைத்து வைக்கச் சொல்கிறது அதே அட்டவணை. இருபத்தைந்து கிலோப் பிள்ளைக்கு அந்த எண் 2-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் வரும்.

எண் கூடியிருந்தால், விழுகிற பிள்ளையின் ஸ்கீ கழன்று போகாமல் காலோடு ஒட்டிக்கொண்டு முறுக்கும். பெரியவர்களுக்கு முழங்கால் தசைநார் அறுவதுபோல, பிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே உள்ள முன்னெலும்பு முறுக்கிய வாக்கில் உடைவது பனிச்சறுக்கில் மருத்துவர்கள் நன்றாக அறிந்த காயம். எண் குறைந்திருந்தால் ஓடும்போதே கழன்று விழ வைக்கும். இரண்டும் ஆபத்து.

இதனால்தான் அண்ணாவின் ஸ்கீயைத் தம்பிக்கு அப்படியே மாட்டிவிடக் கூடாது. அண்ணாவின் எடைக்கு வைத்த எண் அது. அம்மாவின் பழைய குட்டை ஸ்கீ மகளுக்கு நீளம் சரியாக இருக்கிறதே என்று கொடுப்பதும் தவறு. பெரியவர்களுக்கான பல பைண்டிங்குகளில் எண் 3 அல்லது 4-இல்தான் தொடங்கும். எவ்வளவு தளர்த்தினாலும் சின்னப் பிள்ளைக்குத் தேவையான இடத்துக்கு இறங்காது. சிறுவர் சப்பாத்தின் அடிப்பாகமும் பெரியவர் சப்பாத்தின் அடிப்பாகமும் வேறு வேறு அளவில் செய்யப்படுகின்றன, எல்லா பைண்டிங்கும் இரண்டையும் ஏற்காது.

திருப்புளி எடுத்து வீட்டில் அப்பா திருப்புகிற வேலை இது இல்லை. கடையில் அளவிடும் கருவி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை பைண்டிங்கைச் சரிபார்க்கச் சொல்கிறது சுவிஸ் விபத்துத் தடுப்பு ஆலோசனை மையம். கருவியில் வைத்துப் பார்த்ததற்கு அடையாளமாக ஸ்கீயில் ஒட்டும் சிறு வில்லை ஒன்றும் உண்டு. பழைய ஸ்கீ வாங்கும்போது அது எந்தப் பனிக்காலத்து வில்லை என்று பாருங்கள்.

ஒஸ்லோச் சித்தியும் பெர்ன் மாமாவும்

நம் குடும்பங்கள் நாடு நாடாகப் பரந்து கிடப்பதால் ஆலோசனையும் நாடு நாடாக வரும். ஒஸ்லோவில் இருக்கும் சித்தி தொலைபேசியில், பிள்ளையின் உயரத்தைவிடப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் நீளமாக எடு என்பார். பெர்ன் மாமா நாடியைத் தாண்டாதே என்பார். இருவரும் சொல்வது சரிதான், இருவரும் பேசுவது வேறு வேறு ஸ்கீயைப் பற்றி. நோர்வேயில் பிள்ளைகள் முதலில் பழகுவது பெரும்பாலும் காட்டுப் பாதையில் நடந்து சறுக்கும் மெல்லிய ஸ்கீ. அதில் குதிகால் கட்டப்படுவதில்லை. ஸ்கீயின் நடுப்பகுதி வில்லாக மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் நின்று வழுக்கும்போது நடு பனியைத் தொடக் கூடாது, ஒரு காலில் முழு எடையையும் போட்டு உதைக்கும்போது பனியைப் பிடிக்க வேண்டும். அந்த வளைவு எடையைத் தாங்க நீளம் தேவைப்படுகிறது. ஆல்ப்ஸில் லிப்ட் ஏறி மலையிறங்கும் பிள்ளைக்கு அந்த அளவு ஆகாது. மிகச் சிறு பிள்ளைகளுக்கு நோர்வேயிலும் தம் உயரத்தை ஒட்டிய நீளம்தான் எடுப்பார்கள்.

நோர்வேயில் நான் பெரிதும் மதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 'பூவா' என்ற அமைப்பின் நிலையங்களில் ஸ்கீயும் சப்பாத்தும் நூலகப் புத்தகம்போல் காசில்லாமல் இரவல் தருகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளையும் பனியில் நிற்க வேண்டும் என்று ஒரு நாடு எண்ணுவதன் அடையாளம் அது. சுவிஸில் அவ்வளவு பரவலாக இல்லை. இங்கே அந்த இடத்தை நிரப்புவது பனிக்கால வாடகை. இலையுதிர் காலத்தில் ஒரு தொகை கட்டினால் ஸ்கீ, சப்பாத்து, தடி எல்லாம் வசந்தம் வரை உங்களுடையது. நடுவில் பிள்ளையின் கால் வளர்ந்துவிட்டால் பல கடைகளில் மாற்றித் தருவார்கள். வளருகிற பிள்ளைக்கு வாடகையே முதல் தெரிவு என்பது என் தீர்மானமான கருத்து. கார்த்திகை மாதத்துக்குள் போய்விடுங்கள். விடுமுறைக்கு முந்திய வாரம் போனால் மிஞ்சிய அளவுகளே கிடைக்கும்.

விலைக்கு வாங்குவதென்றால், ஊர் ஊராக இலையுதிர் காலத்தில் நடக்கும் பழைய பனிக்கருவிச் சந்தைகளில் நல்ல பொருள் கிடைக்கும். விளிம்பு துருவேறாமல் இருக்கிறதா, அடிப்பாகத்தில் ஆழமான வெட்டு இல்லையா என்று விரலால் தடவிப் பாருங்கள். பைண்டிங் மிகப் பழையதானால் கடையில் திருத்த மறுத்துவிடுவார்கள், அப்போது அந்த ஸ்கீ விறகுக்குச் சமம். சப்பாத்தின் பிளாஸ்டிக்கும் காலப்போக்கில் நொய்ந்து குளிரில் வெடிக்கும். பக்கத்து வீட்டு ஐயா நிலவறையிலிருந்து தூசி தட்டி அன்போடு எடுத்துத் தரும் நீண்ட பழைய ஸ்கீயை நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், பிள்ளையின் காலில் மட்டும் மாட்டக் கூடாது.

ஊன்றுதடி முதல் வருடத்தில் தேவையே இல்லை, பட்டியலில் இருந்தாலும் ஆசிரியரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தலைக்கவசம் கட்டாயம். ஈஎன் 1077 என்ற தர எண் உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். பூட்டாமலே தலையை ஆட்டினாலும் அசையாமல் இருக்க வேண்டும். அதையும் 'வளரட்டும்' என்று பெரிதாக எடுத்தால் விழும்போது நெற்றியை விட்டு நழுவிவிடும். யார் தலையில் இருந்து, எத்தனை முறை விழுந்தது என்று தெரியாத பழைய கவசத்தை வாங்க வேண்டாம்.

கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். உயரத்தையும் எடையையும் சரியாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு எவ்வளவு சறுக்கத் தெரியும் என்பதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். எத்தனையோ வீடுகளில் பெற்றோருக்கும் கடைக்காரருக்கும் இடையில் மொழிபெயர்ப்பது அந்தப் பிள்ளைதான். 'நல்லாப் போவேன்' என்று பத்து வயதுப் பையன் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லுக்கு ஏற்ப ஸ்கீயும் நீளும், பைண்டிங் எண்ணும் ஏறும். ஆகவே கேள்வியை நீங்களே கேளுங்கள், பதிலையும் நீங்களே சொல்லுங்கள். உடைந்த ஜெர்மன் போதும்.

பனிக்காலம் முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. பிள்ளைக்குச் சிறுத்துப்போன ஸ்கீயையும் சப்பாத்தையும் நிலவறையில் பூட்டி வைக்காதீர்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில், கோயில் மண்டபத்தில், ஊர்ச் சங்கத்தில் ஒரு மேசை போட்டு, சிறுத்ததைக் கொடுத்து அளவானதை எடுத்துப்போக வழி செய்யுங்கள். இன்னொரு வீட்டில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் யோசித்துக்கொண்டிருப்பாள். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: கடையில் பைண்டிங்கைப் பிள்ளையின் எடைக்குத் திருத்திய பிறகே காலில் மாட்ட வேண்டும்.